மூன்றாம் ஷெட்டில் தண்ணீர் குடிக்காதவர்கள்

ஏப்ரல் 27, திங்கள்

காலையிலேயே வெக்கை. கம்பெனி பஸ் ஹப்சிகுடா தாண்டும்போதே ஜன்னல் கம்பி சுட்டது.

எங்கள் மூன்றாம் ஷெட்டுக்குப் புது வாட்டர் கூலர். ஆள் உயரம், எவர்சில்வர், இரண்டு குழாய். மேனேஜர் வந்து ரிப்பன் வெட்டினார். ரிப்பன் கிடைக்காமல் வயரிங் பிரிவிலிருந்து சிவப்பு வயரைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். கைதட்டல். ஆளுக்கொரு லட்டு.

எங்கள் லைன் சூப்பர்வைசர் சாமுவேல் சார் பேசினார். "வெயில் காலம். எல்லாரும் நல்லா தண்ணி குடிக்கணும். உடம்பு முதல்ல, அப்புறம்தான் ப்ரொடக்‌ஷன்."

ஆண்கள் வரிசையில் நின்று குடித்தார்கள். சால்டரிங் லைனில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் பற்றவைக்கிற நாங்கள், எல்லாரும் பெண்கள், ஸ்டூலை விட்டு எழவில்லை. ராஜேஸ்வரி அக்கா எங்களில் மூத்தவள், சித்தூர்க்காரி, தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவாள். வாய்க்குள்ளேயே சொன்னாள்: "குடிக்கிறதுக்கு வழி பண்ணிட்டாங்க. போறதுக்கு?"

ஷெட்டுக்குள் பெண்களுக்கென்று ஒரு பாத்ரூம் இருந்தது. பொங்கலுக்கு அப்புறம் அதை ஸ்டோர் ஆக்கிவிட்டார்கள். கூரைவரை அட்டைப்பெட்டி. இப்போது போகவேண்டுமென்றால் மைதானத்தைக் கடந்து ஆபீஸ் கட்டடம். போக அனுமதிக்கு அடையாளமாக லைனுக்கு ஒரே ஒரு பித்தளை வில்லை, அது சார் மேஜைமேல். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் திரும்பும்வரை மற்றவர்கள் காத்திருக்கவேண்டும். வில்லையோடு நடந்தால் ஆண்கள் லைன் முழுக்கத் தலை திரும்பும். அதனால் யாரும் குடிப்பதில்லை. வாய் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. ஷாஹீன் ஏலக்காய் மெல்லுவாள். எனக்குப் பழகிவிட்டது. காலையில் அரை டம்ளர் காப்பி, அப்புறம் வீடு வந்துதான்.

ஃபேன் கிடையாது. காற்று பட்டால் சால்டரிங் இரும்பு ஆறிப்போகுமாம். பிசின் புகை. கம்பெனிக் கோட்டுக்குள் வியர்வை ஊற்றுகிறது, வெளியே போகவேண்டிய தண்ணீர் எல்லாம் அந்த வழியாகவே போய்விடுகிறது போல.

வலது பக்கம், விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. குனிந்தே உட்காருவதால் இருக்கும்.

செய்யவேண்டியது: நீல ரவிக்கைக்குக் கொக்கி. அப்பாவின் மூக்குக்கண்ணாடி ரிப்பேர். ஞாயிறுக்குள் தலைமுடிக்குச் சீயக்காய்.

ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்.


ஏப்ரல் 28, செவ்வாய்

விடியும்போது தெரு போர்க்குழாயில் தண்ணீர். அம்மா ஒருத்தியாகவே எல்லாக் குடமும் பிடித்துவிட்டாள். நான் எழவே முடியவில்லை. முதுகுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி.

பாத்ரூம் போனபோது எரிச்சல். நிறம் பார்த்துப் பயந்துபோனேன். கருப்பட்டிக் காப்பி நிறம்.

வேலைக்குப் போனேன். மாத முடிவு, டார்கெட் பாக்கி. போர்டில் பாகங்களின் கம்பிக்கால்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஷாஹீன் பக்கத்து ஸ்டூல், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "கைக்கு சுக்கி, ஏன் இப்படி இருக்கே? என்ன ஆச்சு?" சுகிர்தா என்று அவளுக்குச் சொல்ல வராது, முதல் நாளிலிருந்தே சுக்கிதான். சொன்னேன். அவளுக்கும் போன மாதம் அப்படி எரிந்ததாம். யாரிடமும் சொல்லவில்லையாம்.

அவளுக்கு ஐந்தாவது மாதம். லைனில் எனக்கும் ரா. அக்காவுக்கும்தான் தெரியும். என்னைப் போல அவளுக்கும் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று பயம். பெரிய சைஸ் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று முதன்முதலாகப் பிள்ளை அசைந்ததாம். மீன் வாலடிக்கிற மாதிரி என்றாள், போர்டைப் பார்த்துக்கொண்டே, உதட்டை அசைக்காமல்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துவந்து அடியைக் காட்டினாள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"பாத்தியா? இந்த போர்த் தண்ணிதான். இதுதான் உள்ள போயி கல்லாயிட்டு. நம்ம ஊர்த் தண்ணி இப்படியா இருக்கும்?"

"நான் தண்ணியே குடிக்கிறதில்லையேம்மா."

"ஏட்டி, இத ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத, கேட்டியா? ஞாயித்துக்கிழம அவிய வாராவ. கிட்னியில சீக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சின்னா முடிஞ்சுது."

பையன் பெயர் டேனியல். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது சாமுவேல் சார். சர்ச் கமிட்டியில் அவரும் அப்பாவும் பல வருஷப் பழக்கம். எனக்கு இந்த வேலை வந்ததும் அவர் சொல்லித்தான். ஜூலையில் நிரந்தரம் ஆவதற்கு ரிப்போர்ட் எழுதப்போவதும் அவர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சார்.


ஏப்ரல் 29, புதன்

ஷிப்ட் முடிந்து அம்மாவுடன் சில்கல்குடா லேடி டாக்டர். கம்பெனி டிஸ்பென்சரிக்குப் போனால் ஷெட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அம்மா.

கூட்டம். ஒரு குழந்தை விடாமல் அழுதது. சுவரில் போன வருஷக் காலண்டர்.

டாக்டரம்மா முதுகில் மெதுவாகத் தட்டினார். கத்திவிட்டேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்ப?"

சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"ஏன்?"

அதையும் சொன்னேன். சொல்லும்போது ஏதோ நான் தப்பு செய்த மாதிரி கண்ணில் தண்ணீர் வந்தது. அம்மா நடுவில் புகுந்து போர்த் தண்ணீர், உப்பு, சுண்ணாம்பு என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, அந்த உப்பு, சுண்ணாம்பெல்லாம் இந்த ஊர்ல எல்லாரும்தான் குடிக்கிறோம். உடம்புக்கும் அது கொஞ்சம் வேணும். மிச்சத்தக் கழுவி வெளிய தள்றதுக்குத் தண்ணி வேணுமில்ல? இந்தப் பொண்ணு காயப்போட்டு வெச்சிருக்கா. தேங்கி நின்னா கிருமியும் சேரும், கல்லும் சேரும்."

கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கிறது. கல்லும் இருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். மாத்திரை, உப்புக்கரிக்கிற மருந்துக் கலவை ஒரு பாட்டில், பார்லித் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். நிறம் தெளிகிறவரை குடிக்கணும், அடக்கவே கூடாது. கொதித்து ஆறின தண்ணீரா என்று கேட்டார். அம்மா ரோஷத்தோடு, "படிகாரம் போட்டு, வெள்ளத் துணியில வடிகட்டி, கொதிக்கவெச்சிதான் குடுக்கேன்" என்றாள்.

டாக்டர் சர்டிபிகேட் எழுதப்போனார். ஒரு வாரம் லீவு, கூடவே அடிக்கடி பாத்ரூம் போக அனுமதிக்கவும் என்று. அம்மா கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "வேண்டாம்மா. அது யார் கைக்குப் போவும்னு எனக்குத் தெரியும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அம்மா சோடா வாங்கிக் கொடுத்தாள். முழுவதும் குடித்தேன். ஏப்பம் வந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். ரிக்‌ஷாவில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.


ஏப்ரல் 30, வியாழன்

மாதக் கடைசி நாள். ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை.

கூலரில் போய்க் குடித்தேன். ஜில்லென்று பல் கூசியது. ஆண்கள் லைனிலிருந்து ஒருவன், "அரே, மேடம்லாம் குடிக்குதுரா" என்றான். குடித்தேன். கொஞ்ச நேரத்தில் வில்லை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து மறுபடி குடித்தேன். மறுபடி போகவேண்டியிருந்தது.

சார் வில்லைமேல் கையை வைத்துக்கொண்டார். "சுகிர்தா, இப்பத்தானே போயிட்டு வந்தே?"

லைன் முழுக்கக் கேட்டது. இரும்புகளின் சத்தம்கூட நின்ற மாதிரி.

"அவசரம் சார்."

"இன்னிக்கு டார்கெட் முடிக்கணும்மா. நீ எழுந்து எழுந்து போனா உன் போர்டை யாரு முடிப்பா?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, அப்பா மாதிரி: "ஞாயித்துக்கிழமை நல்ல காரியம் இருக்கு. பேரைக் காப்பாத்திக்கோ."

ஸ்டூலுக்குத் திரும்பினேன். காது எரிந்தது. அதற்கப்புறம் குடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் வலி முன்பக்கம் இறங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டே வேலை. ஒரு போர்டில் தப்பான இடத்தில் ஈயம் விழுந்து பாழ். ரா. அக்கா பார்த்தாள், சத்தமில்லாமல் அந்தப் போர்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

சார் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் மனசுக்குள்ளாவது திட்டலாம்.

பஸ்ஸில் ஷாஹீன் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். தோலெல்லாம் காய்ந்து, உதடு வெடித்திருந்தது. என் பாட்டிலை நீட்டினேன். "நக்கோ, வேண்டாம். வீடு தூரம்." அவள் மௌலாலியில் இறங்கி இன்னும் நடக்கவேண்டும்.

டார்கெட் முடிந்தது. நாளை மே தினம், லீவு.


மே 1, வெள்ளி

வீட்டிலேயே. சொம்பு சொம்பாகக் குடித்தேன். நினைத்தபோதெல்லாம் போனேன். இதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும்.

பார்லித் தண்ணீர் பசை மாதிரி. எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் உப்பு போட்டு இறங்கியது. சாயங்காலம் நிறம் வெளுத்துவிட்டது. வலி பாதிதான்.

அப்பா ரேடியோவில் உழைப்பாளர் தினப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே அணைத்துவிட்டு, "உங்க ஷெட்ல பொம்பளப் பிள்ளைகளுக்கு இடமே இல்லையா?" என்றார். அம்மா சொல்லியிருக்கவேண்டும்.

"இருந்துச்சு. ஸ்டோர் ஆக்கிட்டாங்க."

"சாமுவேல் ஒண்ணும் சொல்லலியா?"

"அவர்தான்பா பூட்டி சாவி வெச்சிருக்காரு."

அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக முப்பது வருஷம். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அது இன்னும் ரிப்பேர் ஆகவில்லை.

நீல ரவிக்கைக்குக் கொக்கி வைத்தாயிற்று.


மே 2, சனி

இன்று நடந்தது நிறைய. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்தே ஷாஹீன் சரியில்லை. லீவு நாளில் வீட்டில் விருந்தாளிகள், உட்காரவே இல்லையாம். தலை சுற்றுகிறது என்றாள். கூலருக்குப் போ என்றேன். "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினாள், போகவில்லை.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடிவயிறு கல்லு மாதிரி இறுகுகிறது, விடுகிறது, மறுபடி இறுகுகிறது என்றாள். பாத்ரூம் போகணும் என்று சாரிடம் போனாள். வில்லை மேஜைமேல் இல்லை, வேறொருத்தி எடுத்துப்போயிருந்தாள்.

"கொஞ்சம் இரும்மா. அவ வந்துரட்டும்."

திரும்பி வரும்போது பாதி வழியில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தது இல்லை, விழுந்தது. கோட்டு விலகியது. வயிறு தெரிந்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இந்தப் பொண்ணு... சொல்லவே இல்லையே... வேனைக் கூப்பிடுங்க, வேன்!" என்று ஓடினார், திரும்பி வந்தார், போனை எடுத்தார்.

ஷாஹீன் என் கையை இறுக்கிக்கொண்டு காதில் சொன்னாள், அழுதுகொண்டே. வேன் வேண்டாம், முதலில் பாத்ரூம், இங்கேயே ஆகிவிடும், எல்லார் முன்னாலும் ஆகிவிடும். மைதானத்தை அவளால் தாண்டவே முடியாது.

நான் சார் மேஜைக்குப் போனேன்.

"சார், ஸ்டோர் சாவி."

"அது ஸ்டோர்காரங்க பொறுப்பும்மா. அவங்களைக் கேக்காம நான் எப்படி..."

"சார், சாவி."

"சுகிர்தா, உனக்கு ஜூலையில..."

டிராயரை நானே இழுத்தேன். அவர் பார்க்க, அவர் கைக்குப் பக்கத்தில். சாவிக்கொத்து உள்ளே. சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போன் காதில், ஆனால் எதுவும் பேசவில்லை.

பூட்டு திறந்தது. உள்ளே கால்வைக்க இடமில்லை. ஒரு பெட்டியை இழுத்தேன், மேலே இருந்தது என் தோளில் விழுந்தது. அப்போது பின்னால் ரா. அக்காவின் குரல், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி: "ஏமே, என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? இரும்பெல்லாம் ஆஃப் பண்ணுங்கடி. வாங்க!"

வந்தார்கள். எல்லாரும். வரிசையாக நின்று கை மாற்றிக் கை மாற்றிப் பெட்டிகளை வெளியே தள்ளினோம். ஆண்கள் லைனும் நின்றுவிட்டது. கூலரில் குடித்தபோது கேலி செய்த அதே ஆள் ஓடிவந்து ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

குழாயைத் திறந்தால் முதலில் காற்று. அப்புறம் துருத் தண்ணீர். அப்புறம் சரியாக வந்தது. நானும் அக்காவும் ஷாஹீனைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம். வெளியே மற்றவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், சுவர் மாதிரி.

வந்தது மிகக் கொஞ்சம். கறுத்த மஞ்சள். ரத்தம் இல்லை, கடவுளே, ரத்தம் இல்லை.

டம்ளர் டம்ளராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். வேன் வந்தது. அக்கா கூடவே ஏறினாள். ஷாஹீன் ஏறும்போது, "சுக்கி, அசையல. காலையிலேர்ந்து அசையல" என்றாள்.

சாயங்காலம்வரை செய்தி இல்லை. இரும்புகளை மறுபடி போட்டு வேலை செய்தோம். சார் ஒருதரம்கூட எங்கள் பக்கம் வரவில்லை. போகும்போது மட்டும் என் ஸ்டூலுக்குப் பின்னால் நின்று, "மேலே எழுதிக் கேட்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?" என்றார். என்னிடம் யோசனை கேட்கிற மாதிரி.


மே 3, ஞாயிறு

சர்ச். ஒரு வசனமும் காதில் ஏறவில்லை. ஷாஹீனுக்காக ஜெபம். பெயர் சொல்லாமல், "என் சிநேகிதிக்காக" என்று மட்டும்.

சர்ச்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ரா. அக்கா வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக. சலைன் பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். உடம்பில் தண்ணீர் வற்றி, எனக்கு வந்த மாதிரியே கிருமியும் சேர்ந்து, அதனால்தான் வயிறு இறுகியதாம். இறுக்கம் நின்றுவிட்டது. பிள்ளையைப் பற்றி டாக்டர்கள் ஒன்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்கிறார்கள். ஷாஹீனுக்கு இன்னும் அசைவு தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் விசாகப்பட்டினத்துக்காரர்கள். டேனியல், அவர் அம்மா, மாமா. கூடவே சாமுவேல் சார். அப்பா சாருக்குக் கை கொடுக்கும்போது வழக்கமான சிரிப்பு இல்லை.

அம்மா கேசரி வைத்தாள், நான் ரஸ்னா கொண்டுபோனேன்.

டேனியலின் அம்மா நல்ல மாதிரிதான். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "வேலை ரொம்பக் கஷ்டமாம்மா? முகமெல்லாம் வாடியிருக்கே."

"அவளுக்கு வெயில் ஒத்துக்காது" என்றாள் அம்மா, அவசரமாக.

சார் தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஷாஹீனும் இப்படித்தானே மறைத்தாள். கோட்டுக்குள்ளே. கொஞ்சம் பெரிய சைஸ்.

"வெயில் இல்ல அத்தை. எனக்குக் கிட்னியில இன்ஃபெக்‌ஷன். கல்லு இருக்கான்னு எக்ஸ்ரே எடுக்கணும். வேலை செய்யிற இடத்துல பாத்ரூம் இல்லாததால தண்ணி குடிக்காம இருந்து வந்தது. இப்ப மருந்து சாப்பிடறேன்."

அம்மாவின் விரல் என் இடுப்பில் பதிந்தது. மாமா தொண்டையைக் கனைத்தார். டேனியலின் அம்மா என் கையை விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது. எனக்கு அது தெரிந்தது.

டேனியல் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. "இப்ப வலி இருக்கா?" என்றார்.

"குறைஞ்சிருக்கு."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்."

அவ்வளவுதான். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஏட்டி, ஒருத்தரும் கேக்கலியே. கேக்காமலே ஏன் சொன்ன?" கேசரியை நானும் அப்பாவும் சாப்பிட்டோம். முந்திரி நிறைய.


மே 4, திங்கள்

பெட்டிகள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே, மேலே தார்ப்பாய். பாத்ரூம் கதவு திறந்தே இருக்கிறது. யாரும் பூட்டவில்லை, யாரும் திறந்திருக்கலாம் என்றும் சொல்லவில்லை. நாங்கள் போனோம்.

ஷாஹீன் ஸ்டூல் காலி. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி இல்லை. அக்கா போன் செய்து பார்த்தாள், எடுத்தவர்கள் வார்டில் விசாரித்துச் சொல்லவில்லை; பார்க்க விடுகிற நேரமோ எங்கள் ஷிப்ட் நேரம்.

ஆபீஸிலிருந்து உத்தரவுப் பேப்பர் வந்தது. நாளைக் காலை ஆபீசுக்கு வரணும். என் பெயர், சார் பெயர்.

அக்கா சொல்லிக்கொடுத்தாள்: "எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்னு சொல்லு. உன் ஒருத்தி தலையில போட்டுக்காத." லைனில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

மருந்து மறக்காமல் மூன்று வேளை. எக்ஸ்ரே வியாழன்.


மே 5, செவ்வாய்

ஆபீஸ் கட்டடம். வழவழவென்ற தரை, ஃபேன், மேஜைமேல் கண்ணாடி ஜாடியில் தண்ணீர். மேனேஜரும் இன்னொரு அதிகாரியும். என்னை நிற்கவைத்தார்கள். சாருக்கு நாற்காலி கொடுத்தார்கள், அவரும் உட்காரவில்லை.

"ஸ்டோர் சாவியை யார் கொடுத்தது?"

சார்: "அந்தப் பொண்ணு எடுத்தா சார்."

உண்மைதான்.

"ஆமாம் சார். நான்தான் எடுத்தேன்" என்றேன். "பெட்டியை எல்லாரும் சேர்ந்து எடுத்தோம். சாவியை நான் எடுத்தேன்."

மேனேஜர் எழுதினார். பேனா ஓடும் சத்தம். அப்புறம் சார், யாரும் கேட்காமலேயே: "நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். தடுக்கலை சார். தடுத்திருக்கலாம். தடுக்கலை." கொஞ்சம் விட்டு: "ஜனவரியிலிருந்து அந்த ரூமைத் திருப்பிக் கேட்டு எழுதிக்கிட்டு இருக்கேன். பதில் வரலை. அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் வரலை."

அவர் எழுதியது எங்கள் யாருக்கும் தெரியாது.

வெளியே உட்காரச் சொன்னார்கள். கூப்பிட்டார்கள். பாத்ரூம் இனி பாத்ரூம்தான். வில்லையும் கிடையாது. எனக்கு நிரந்தரம் ஜூலையில் இல்லை, இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள், ஒழுங்கு நடவடிக்கையாக. சாருக்கு ஒரு மெமோ.

மைதானத்தில் திரும்பி நடக்கும்போது சார் பக்கத்திலேயே வந்தார். வெயில். குடை அவரிடம் இருந்தது, என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். ஷெட் வாசல் வந்ததும்தான் சொன்னார்: "விசாகப்பட்டினத்துலேர்ந்து தந்தி. வேண்டாமாம். பையனுக்கு விருப்பம்தானாம். வீட்டில பெரியவங்க..." முடிக்கவில்லை.

"பரவாயில்ல சார்."

பரவாயில்லை என்று இல்லை. இப்ப வலி இருக்கா என்று டேனியல் கேட்டாரே. அந்தக் குரலை இன்று நாலைந்து தடவை நினைத்துப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொன்னேன், இரண்டையும். அழவில்லை. பார்லி கொதிக்க வைத்தாள்.


மே 6, புதன்

மேகம் கொஞ்சம். மழை இல்லை.

ஷாஹீன் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அக்கா இரண்டு தடவை போர்டைத் தலைகீழாக வைத்தாள். நான் குடித்தேன், போனேன், வந்தேன், குடித்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மணிக்கு கேட்டிலிருந்து ஆள். வெளியே யாரோ வந்து சுக்கி யார் என்று கேட்டாராம், எங்கள் ஷெட்டில் அப்படிப் பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். ஓடினேன். அக்காவும் பின்னால்.

கேட்டுக்கு வெளியே ஒல்லியாக ஒருத்தர், சைக்கிளோடு. ஷாஹீனின் புருஷன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மிதித்து வந்திருக்கிறார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பேச முடியாமல் மூச்சு வாங்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற மாதிரி.

"அசையுது" என்றார். "விடிஞ்சதிலிருந்து அசையுது. நிறுத்தவே இல்லை. சுக்கிகிட்ட போய்ச் சொல்லுன்னு அவதான் அனுப்பினா."